சிம்மக்கல் டிடிபி கடைக்கு லினக்ஸ்: எந்த வேலைக்கு எந்த மென்பொருள்

கேள்வி இதுதான். மதுரை சிம்மக்கல்லில் ஜெராக்ஸும் டிடிபியும் (கணினியில் தட்டச்சு, பக்க வடிவமைப்பு) சேர்ந்த கடை. மூன்று கணினிகள், மூன்றுமே மூன்றாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், பழைய ஹார்டு டிஸ்க். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்தச் சில்லுகளை ஏற்காது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். ஆகவே இலவச இயங்குதளமான லினக்ஸுக்கு மாறினால் கல்யாணப் பத்திரிகை, கோர்ட் மனு, பாஸ்போர்ட் போட்டோ, ஃபிளெக்ஸ், டேலி கணக்கு இத்தனைக்கும் எதை எதைப் போடுவது?

‘வேர்டுக்குப் பதில் லிப்ரே ஆபிஸின் ரைட்டர், போட்டோஷாப்புக்குப் பதில் கிம்ப், கோரலுக்குப் பதில் இங்க்ஸ்கேப்’ என்று ஒரு பட்டியலை யாரும் தந்துவிடலாம். அந்தப் பட்டியலை வைத்து மாறியவர்கள்தான் இரண்டு வாரத்தில் திரும்ப விண்டோஸைப் போட்டுக்கொள்கிறார்கள். கடையில் மென்பொருளைத் தீர்மானிப்பவை மூன்று: வாடிக்கையாளர் பென்டிரைவில் கொண்டுவரும் கோப்பு, கடையிலிருந்து சிவகாசி அச்சகத்துக்கோ ஆடிட்டருக்கோ போகும் கோப்பு, மேசைமேல் இருக்கும் பிரிண்டர். இந்த மூன்றையும் முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். மென்பொருளின் பெயர் அதற்குப் பிறகு தானாக வரும்.

இன்னொன்று, மாறும் வரிசை. லிப்ரே ஆபிஸ், ஃபயர்ஃபாக்ஸ், கிம்ப், இங்க்ஸ்கேப், பக்கம் கட்டும் ஸ்கிரைபஸ் எல்லாமே விண்டோஸிலும் ஓடும். எனவே முதலில் இருக்கிற விண்டோஸிலேயே இவற்றைப் போட்டு ஒரு மாதம் வேலை பாருங்கள். எந்த வேலை முட்டுகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும், பழைய மென்பொருளும் பக்கத்திலேயே இருக்கும். ஒரே நாளில் இரண்டையும் மாற்றினால், கோளாறு லினக்ஸாலா மென்பொருளாலா என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. காலமும் முக்கியம்: தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்னால் தொடாதீர்கள். பத்திரிகை வேலை ஓய்ந்திருக்கும் ஆடியும் மார்கழியும்தான் இதற்கு ஏற்ற மாதங்கள்.

முதலில் தமிழ்த் தட்டச்சு. இது சரியாக அமையாவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

லினக்ஸின் விசைப்பலகை அமைப்புகளில் ‘தமிழ்’ என்று ஒன்று இருக்கும். பலரும் அதைத் தேர்ந்துகொண்டு, ‘தமிழ்99 என்ற விசைப்பலகை முறையைப் போட்டேன், புள்ளி தானாக விழவில்லை’ என்பார்கள். அது விசைக்கு ஓர் எழுத்து என்று அனுப்பும் வெறும் விசை வரைபடம். மெய்யும் உயிரும் தாமாகச் சேர்வது, ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி விழுவது போன்ற தமிழ்99 விதிகள் அதற்குத் தெரியாது. அதற்கு ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளும், அதற்கான எம்17என் தொகுப்பும் வேண்டும். மென்பொருள் மேலாளரில் இந்த இரண்டையும் நிறுவி, உள்ளீட்டு முறையாக ஐபஸைத் தேர்ந்து, ஒருமுறை வெளியேறி உள்நுழையுங்கள். வெளியேறாமல் முயன்றால் சில மென்பொருள்களில் தட்டும், சிலவற்றில் தட்டாது. பிறகு ஐபஸின் விருப்பங்களில் தமிழ் என்பதன் கீழ் தமிழ்99-ஐச் சேருங்கள். விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறும்.

டைப்ரைட்டிங் லோயர், ஹையர் முடித்து வந்தவர் வேலை பார்த்தால் அதே பட்டியலில் தட்டச்சுப்பொறி அமைப்பும் உண்டு. அதைச் சேர்த்ததும் கொ, கோ, கௌ, ஸ்ரீ, க்ஷ, ஃபா ஆகியவற்றைத் தட்டிப் பாருங்கள். பழகிய விரலுக்கு வித்தியாசம் படுவது பெரும்பாலும் இந்த எழுத்துகளில்தான்.

அடுத்தது பாமினி. கடையில் பத்து வருடமாகச் சேர்ந்த மனுக்களும் பத்திரிகை மாதிரிகளும் பாமினியில்தான் இருக்கும். பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்த எழுத்துரு. எனவே எழுத்துருக் கோப்பைத் திறந்து நிறுவினாலே பழைய கோப்புகள் லினக்ஸிலும் சரியாகத் தெரியும்; ஆங்கில விசைப்பலகையிலேயே தட்டவும் முடியும். ஆனால் ரைட்டரில் தானியங்கித் திருத்தத்தை நிறுத்தியாக வேண்டும். ‘வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கு’ என்பது இயங்கிக்கொண்டிருந்தால், சிறிய எழுத்துக்கு ஓர் உருவம், பெரிய எழுத்துக்கு வேறு உருவம் என்றிருக்கும் பாமினியில் வரியின் முதல் எழுத்தே வேறாகிவிடும். மேற்கோள் குறிகளை வளைக்கும் திருத்தமும் அப்படித்தான்.

இனிப் புதிதாகச் செய்வதை, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் செய்யுங்கள். பழையதைத் தேவைப்படும்போது மாற்றிக்கொள்ளலாம். ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரல்மொழி நூலகத்தில் பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவி இருக்கிறது. கோப்புகள் கட்டுக்கட்டாக இருந்தால் இணையதளத்தில் ஒவ்வொன்றாக ஒட்டுவதைவிட இது வேகம். மாற்றிய பிறகு இரண்டு பிழைகளைக் கட்டாயம் தேடுங்கள். பாமினியில் ‘ர்’ என்பதைத் துணைக்காலும் புள்ளியுமாகத் தட்டும் வழக்கம் உண்டு. சரியில்லாத மாற்றி அதை அப்படியே துணைக்கால் மேல் புள்ளியாகக் கொண்டுவந்துவிடும். ‘அவர்கள்’ என்பது பார்வைக்கு ‘அவர்கள்’ போலவே இருக்கும். உள்ளே இருப்பது ‘அவா்கள்’. அச்சில் தெரியாது; தேடினால் கிடைக்காது, அரசு இணையப் படிவத்தில் ஒட்டினால் பெயர் பொருந்தாது. இரண்டாவது, ‘கௌரவம்’ என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ‘ள’வும் வந்து ‘கெளரவம்’ ஆவது. தேடி மாற்றும் பெட்டியில் தவறான வடிவத்தையே நகலெடுத்து ஒட்டித் தேடுங்கள். முதலாவதை எல்லா இடத்திலும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம்; துணைக்கால் மேல் புள்ளி வரும் சொல் தமிழில் இல்லை. இரண்டாவதை ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்ற வேண்டும். ‘வெள்ளி’, ‘கெளுத்தி’ போன்ற சொற்களில் ஒற்றைக்கொம்பும் ளகரமும்தான் சரி.

உலகனேரியில் உயர்நீதிமன்றக் கிளைக்குப் போகும் மனுக்களுக்கு லிப்ரே ஆபிஸ் ரைட்டர் போதும். தொல்லை எழுத்துரு அகலத்தில்தான். டைம்ஸ் நியூ ரோமன், ஏரியல், கேலிப்ரி ஆகியவற்றுக்கு அதே அகலமுள்ள லிபரேஷன் செரிஃப், லிபரேஷன் சான்ஸ், கார்லிட்டோ லினக்ஸில் உண்டு. ஆங்கில மனு வரி பிசகாமல் நிற்கும். தமிழில் லதா எழுத்துரு லினக்ஸோடு வருவதில்லை. அதன் இடத்தில் நோட்டோவோ லோஹித்தோ வந்து உட்காரும். அகலம் மாறுவதால் ஏழு பக்க மனு எட்டுப் பக்கமாகி, பக்க எண் குறித்த உள்ளடக்க அட்டவணை தவறாகும். வக்கீல் குமாஸ்தா திருத்தித் தரச் சொன்ன கோப்பில் இது பெரிய விஷயம். இறுதி வடிவத்தைப் பிடிஎஃப்பாகவே கொடுங்கள்; திருத்தும் கோப்பாகவே கேட்டால், கோப்பின் பண்புகளில் எழுத்துரு என்ற பகுதியில் ‘ஆவணத்தோடு பதிக்கவும்’ என்பதைத் தேர்ந்து சேமியுங்கள்.

ரைட்டரில் இன்னொரு தொந்தரவு: எழுத்தின் அளவை 14 ஆக்கினாலும் தமிழ் 12-லேயே நிற்கும். லிப்ரே ஆபிஸ் தமிழைச் சிக்கல் உரை என்ற தனி வகையில் வைத்திருக்கிறது. பாணிகளில் ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துரு, அளவு. தமிழுக்கு வேறோர் எழுத்துரு, அளவு. மொழி அமைப்புகளில் சிக்கல் உரை என்பதை இயக்கி, மொழியைத் தமிழ் என்று வைத்து, ரைட்டரின் அடிப்படை எழுத்துருக்களில் அந்த வகைக்கான பக்கத்தையும் நிரப்பிவிட்டால் பிறகு வராது.

இப்போது பத்திரிகை. வடிவமைப்பு மதுரையில், அச்சு சிவகாசியில் என்றால் கவனம் முழுவதும் அங்கே போகும் பிடிஎஃப்பில்தான் இருக்க வேண்டும். இங்க்ஸ்கேப்பில் பிள்ளையார், குத்துவிளக்கு, பூ வேலை எல்லாம் அழகாக வரையலாம்; தமிழும் சரியாக வரும். ஆனால் அது தரும் பிடிஎஃப் திரைக்கான மூவண்ணத்தில் (சிவப்பு, பச்சை, நீலம்) இருக்கும். அச்சகத்தில் அதை நான்கு மைக்கு மாற்றும்போது கறுப்பு எழுத்து நான்கு மைகளின் கலவையாகிவிடும். ஆஃப்செட்டில் தகடு ஒரு மயிரிழை விலகினாலும் சிறிய எழுத்துகளின் ஓரத்தில் நிற நிழல் விழும். மணமக்கள் பெயர் பெரிதாக இருப்பதால் தப்பிக்கும். கீழே உறவினர் பெயர்களை 8 புள்ளியில் அடுக்கியிருப்பீர்களே, அங்கேதான் அசிங்கமாகத் தெரியும்.

அதனால் படங்களை இங்க்ஸ்கேப்பில் வரைந்து, எழுத்தையும் இறுதிப் பக்கத்தையும் ஸ்கிரைபஸில் கட்டுங்கள். ஸ்கிரைபஸுக்கு ஒரு பழைய கெட்ட பெயர் உண்டு: 1.4 பதிப்பில் தமிழ் உடைந்துதான் வரும், ‘கெ’யில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 1.5 வரிசையில் எழுத்து அமைப்பு புதிதாக எழுதப்பட்டு, 2024 ஜனவரியில் நிலையான 1.6 வந்த பிறகு அந்தக் குறை இல்லை. நிறுவியதும் பதிப்பு எண்ணைப் பாருங்கள், 1.4 என்றிருந்தால் ஃபிளாட்ஹப் என்ற மென்பொருள் தளத்திலிருந்து புதியதை எடுங்கள். பக்கத்தைத் தொடங்கும்போதே நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் வெட்டு ஓரம் விடுங்கள். எழுத்தின் கறுப்பு, நிறப்பட்டியலில் சயான் 0, மெஜந்தா 0, மஞ்சள் 0, கறுப்பு 100 என்று இருக்கிறதா என்று பாருங்கள். இங்க்ஸ்கேப்பிலிருந்து கொண்டுவந்த படத்தோடு வரும் மூவண்ணக் கறுப்பையும் அங்கேயே நான்கு மைக்கு மாற்றிவிடுங்கள். ஏற்றுமதியில் நிறம் என்ற பகுதியில் ‘பிரிண்டருக்கு’ என்பதைத் தேர்ந்து, எழுத்துருக்களைப் பதியுங்கள். அச்சகத்தில் எழுத்துருத் தகராறு வரும் என்ற பயம் இருந்தால் அதே இடத்தில் எழுத்துகளை உருவக் கோடுகளாக மாற்றச் சொல்லலாம். ஆனால் திருத்தத்துக்குரிய மூலக்கோப்பைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்த நேரத்தை மாற்றச் சொல்லி அச்சுக்கு முந்தின நாள் போன் வரும்.

அலங்கார எழுத்துருதான் லினக்ஸில் இல்லை என்பார்கள். யூனிகோடில் கட்டற்ற உரிமத்தோடு கிடைப்பவை இப்போது ஏராளம்: அரிமா மதுரை, ஹிந்த் மதுரை என்று இந்த ஊர்ப் பெயரிலேயே இரண்டு உண்டு, தலைப்புக்குக் காயினி, பலூ தம்பி, கையெழுத்துச் சாயலுக்குக் கவிவனார், படிக்கும் உரைக்கு மீரா இனிமை. பழைய எழுத்துரு ஒன்றில்தான் ‘திருமண அழைப்பிதழ்’ வேண்டும் என்று வாடிக்கையாளர் பிடிவாதமாக இருந்தால், அந்த ஒரு வரியை மட்டும் இங்க்ஸ்கேப்பில் அந்த எழுத்துருவில் தட்டி, பாதையாக மாற்றிப் படமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பேஜ்மேக்கர், கோரல் கோப்புகளை லிப்ரே ஆபிஸ் டிரா திறக்கும். கோரலை இங்க்ஸ்கேப்பும் திறக்கும். நம்பி இருக்காதீர்கள். எழுத்தின் இடைவெளி நகரும், நிழல்கள் காணாமல் போகும், சில கோப்புகள் திறக்கவே திறக்காது. விண்டோஸ் இருக்கும்போதே, திரும்பத் திரும்பக் கேட்கப்படும் மாதிரிகள் அனைத்தையும் பிடிஎஃப்பாக ஏற்றுமதி செய்து வையுங்கள். இந்த ஒரு வேலைக்கு இரண்டு நாள் ஒதுக்கினாலும் தகும்.

போட்டோ வேலைக்குக் கிம்ப். 3.5 × 4.5 சென்டிமீட்டர் படம் 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியில், 413 × 531 புள்ளி; 4 × 6 அங்குலத் தாளில் எட்டு படம் அடங்கும். எட்டாக அடுக்குவதற்குக் கிம்பில் கையால் நகர்த்தாமல் ஸ்கிரைபஸில் ஒரு படத்தை வைத்து, பல நகல் என்ற கட்டளையில் நெடுவரிசை, கிடைவரிசை எண்ணிக்கை கொடுத்து, அதை வார்ப்புருவாக வைத்துக்கொள்ளுங்கள்; அடுத்த ஆளுக்குப் படத்தை மாற்றினால் போதும். விண்ணப்பத் தளம் 50 கேபிக்குள் கேட்டால், கிம்பில் ஜேபெக் ஏற்றுமதிப் பெட்டியில் முன்னோட்டத்தை இயக்குங்கள். தர அளவை நகர்த்த நகர்த்தக் கோப்பின் அளவு கண்முன்னே மாறும். பத்திரிகைக்குப் படம் அனுப்புகிறவரிடம் வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். 5 × 7 அங்குலத்துக்கு 1500 × 2100 புள்ளியாவது வேண்டும். போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும்.

ஃபிளெக்ஸில்தான் 4 ஜிபி ராம் திணறும். 10 × 8 அடி பேனரை 72 டிபிஐயில் வைத்தால் 8640 × 6912 புள்ளி, அதாவது ஏறக்குறைய 6 கோடி புள்ளிகள். ஒவ்வோர் அடுக்கும் 240 எம்பி பிடிக்கும். ஐந்தாறு அடுக்குக்கு மேல் போனால் கணினி வட்டில் எழுதத் தொடங்கி நின்றுவிடும். அந்தக் கணினிக்கு மட்டுமாவது 8 ஜிபி போடுங்கள். இல்லையென்றால் எழுத்தையும் பின்னணியையும் இங்க்ஸ்கேப்பில் வைத்து, ஆட்களின் படங்களை மட்டும் கிம்பில் வெட்டிக் கொண்டுவாருங்கள்.

பிரிண்டரை, நிறுவுவதற்கு முன்பே சோதிக்க வேண்டும். 8 ஜிபி பென்டிரைவில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டை எழுதி, நிறுவாமல் அதிலிருந்தே இயக்கி, கடையில் உள்ள ஒவ்வொரு பிரிண்டரையும் ஸ்கேனரையும் செருகிப் பாருங்கள். எப்சன் எல் வரிசை இங்க் டேங்குகள் பொதுவாகத் தகராறு செய்வதில்லை. எச்பி லேசர்ஜெட் 1020-க்கு, எச்பி பிரிண்டர்களுக்கான எச்பிலிப் தொகுப்போடு கூடுதல் செருகுநிரல் ஒன்றை இணையத்திலிருந்து இறக்க வேண்டும். எச்பிலிப் புதுப்பிக்கப்படும்போது செருகுநிரலின் பதிப்பும் அதற்குப் பொருந்தியாக வேண்டும். ‘நேற்றுவரை அடித்தது, அப்டேட் போட்டதும் நின்றுவிட்டது’ என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். செருகுநிரலைத் திரும்ப இறக்கினால் அடிக்கும். கேனான் எல்பிபி 2900 வைத்திருந்தால் யோசியுங்கள். கேப்ட் என்ற அதன் தனி மொழிக்கான லினக்ஸ் இயக்கி பழையது. புதிய லினக்ஸில் நிறுவினாலும் ஒருநாள் அடிக்கும், ஒருநாள் காத்திருக்கும். அந்தப் பிரிண்டரை விண்டோஸில் விட்டுவிடுவதே என் யோசனை.

பழைய அச்சுத் தாள்களைத் திரும்பத் தட்டச்சிடும் வேலை வந்தால் ஸ்கேன் படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் ஜிஇமேஜ்ரீடரும் டெசரக்டின் தமிழ்த் தரவும் போடுங்கள். 300 டிபிஐயில் நேராக ஸ்கேன் செய்த அச்சுத் தாளுக்கு இது கைகொடுக்கும், கையெழுத்துக்கு உதவாது.

டேலி விண்டோஸுக்கானது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் இயக்கும் வைனில் ஓட்டிப் பார்க்கும் வழிகள் சொல்வார்கள்; உங்கள் ஆடிட்டருக்குப் போகும் கணக்கை அப்படி ஒரு தொங்கலில் வைக்கக் கூடாது. கைரேகைக் கருவி வைத்துச் செய்யும் ஆதார் சார்ந்த சேவைகளும் பெரும்பாலும் விண்டோஸையோ ஆண்ட்ராய்டையோதான் எதிர்பார்க்கின்றன. ஆகவே மூன்றில் ஒன்றை விண்டோஸாக விடுங்கள். டேலியும் கேனானும் கைரேகையும் அங்கே, உலாவியும் மின்னஞ்சலும் வாடிக்கையாளர் பென்டிரைவும் லினக்ஸ் கணினிகளில். ஒரே கணினியில் இரண்டையும் வைப்பதானால், விண்டோஸில் வேகத் தொடக்கம் என்பதை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் விண்டோஸின் பகுதியை லினக்ஸ் படிக்க மட்டுமே விடும், சேமிக்க விடாது. இரண்டும் ஒரே கணினியில் இருந்தால் விண்டோஸின் கடிகாரமும் ஐந்தரை மணி நேரம் பின்தங்கும். லினக்ஸ் உலக நேரத்தில் எழுதிய வன்பொருள் கடிகாரத்தை விண்டோஸ் நம்மூர் நேரம் என்று எடுத்துக்கொள்வதே காரணம். லினக்ஸை உள்ளூர் நேரத்தில் வைக்கச் சொன்னால் சரியாகும்.

எந்த லினக்ஸ் என்பதற்கு நீண்ட விவாதம் தேவையில்லை. லினக்ஸ் மின்ட் 22, அதில் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 2029 ஏப்ரல் வரை திருத்தங்கள் வரும், 4 ஜிபியில் நகரும், விண்டோஸ் பழகியவருக்குப் பட்டியல் இருக்கும் இடம் புரியும். ஆனால் ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு 256 ஜிபி எஸ்எஸ்டி போடாமல் எந்த லினக்ஸ் போட்டும் வேகம் வராது. இருக்கிற பணத்தை முதலில் அதற்குச் செலவிடுங்கள். மென்பொருள்களை மின்ட்டின் களஞ்சியத்திலிருந்தே எடுங்கள். பதிப்பு பழையதாக இருக்கும் கிம்ப், ஸ்கிரைபஸ் போன்றவற்றுக்கு மட்டும் ஃபிளாட்ஹப்பில் கிடைக்கும் ஃபிளாட்பேக் தொகுப்பு. முதல் ஃபிளாட்பேக் இறங்கும்போது அடிப்படைத் தொகுப்புகளும் சேர்ந்து வருவதால் தரவு நிறையப் பிடிக்கும், போன் ஹாட்ஸ்பாட்டில் இறக்காதீர்கள்.

காப்பு நகல் எடுக்கும் டைம்ஷிஃப்ட் கணினியின் அமைப்பைத்தான் காக்கும். வீட்டு அடைவை, அதாவது உங்கள் பத்திரிகைக் கோப்புகளை, இயல்பாக அது தொடாது. அதற்குத் தேஜா டப் என்ற மென்பொருளை வைத்து வெளிவட்டு ஒன்றுக்குத் தினமும் எடுங்கள். டைம்ஷிஃப்டின் நகலை விண்டோஸ் வடிவ வட்டில் வைக்க முடியாது, இஎக்ஸ்டி4 போன்ற லினக்ஸ் வடிவ வட்டு வேண்டும். கரண்ட் போகும் ஊரில் யூபிஎஸ் இல்லாமல் வேலை பார்க்க வேண்டாம். ரைட்டரில் தானியங்கி மீட்பு இடைவெளியை 3 நிமிடமாகக் குறையுங்கள். பென்டிரைவில் நகல் முடிந்ததாகத் திரை சொன்னாலும் பாதி நினைவகத்தில்தான் இருக்கும். ‘பாதுகாப்பாக அகற்று’ கொடுத்து, எடுக்கலாம் என்ற அறிவிப்பு வந்த பிறகே உருவுங்கள். பெரிய ஃபிளெக்ஸ் கோப்பு அச்சகத்தில் திறக்காமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

வாடிக்கையாளர் தாமே உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பும் கணினியில், மின்ட்டின் உள்நுழைவுச் சாளர அமைப்புகளில் பயனர்கள் பகுதிக்குப் போய் விருந்தினர் அமர்வை இயக்குங்கள். அவர் எழுந்து வெளியேறியதும் இறக்கிய ஆதார் நகல், சேமித்த கடவுச்சொல், உலாவி வரலாறு எல்லாம் தாமே அழிந்துவிடும்.